துவர்த்து: ஓர் எளிய துணியின் வரலாறு

ஆடையின் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அரண்மனைக்கும் ஆலயத்திற்கும் கடல்வணிகத்திற்கும் உரிய துணிகளையே தம் ஆய்வுப்பொருளாகக் கொண்டுள்ளனர். டாக்கா மஸ்லினும், காஞ்சிப் பட்டும், சோழமண்டலக் கரையிலிருந்து கீழைத்தேயங்களுக்கும் ஐரோப்பாவிற்கும் சென்ற சாயத்துணிகளும் அவ்வகையில் விரிவான கவனத்தைப் பெற்றுள்ளன. உழவனின் தலையிலும், ஓடக்காரனின் இடையிலும், வழிநடைப் பயணியின் தோளிலும் கிடந்த மெல்லிய பருத்தித் துண்டு அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. பட்டுச் சீலை பெட்டகத்திற் பேணப்படுகின்றது, நூதனசாலைக்கும் செல்கின்றது. ஏழையின் துண்டோ நைந்து, கந்தலாகி, அடுப்படித் துணியாகி, ஈற்றில் மண்ணோடு மண்ணாகின்றது. பொருட்சான்று எஞ்சாத இடத்து வரலாறும் எழுதப்படாது போகின்றது. எனவே இத்தகைய துணியின் வரலாற்றை வேறு வகைச் சான்றுகளிலே தேடவேண்டியுள்ளது. சொல், வரி, தொழில்நுட்பம், சட்டம், சமூகத் தடை என்பன அச்சான்றுகளாம். தென் திருவிதாங்கூரிலும் கேரளத்திலும் வழங்கும் துவர்த்தினை மையமாகக் கொண்டு, எடை குறைந்த கைத்தறிப் பருத்தித் துண்டின் வரலாற்றினை இக்கட்டுரை நோக்குகின்றது.

முதற்கண் சொல்லை நோக்கலாம். இலங்கைத் தமிழர் குளித்தபின் உடம்பைத் துடைக்கும் துணியைத் துவாய் என்பர். தமிழகத்தில் அது துவாலை எனப்படும். சிங்களத்தில் துவாய எனப்படும். இவை மூன்றும் தொஆல்யா என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தவை. ஆகவே, 1505 ஆம் ஆண்டிற்குப் பின் இலங்கைக் கரையை அடைந்த அந்நியரின் சொல்லைக்கொண்டே தமிழரும் சிங்களவரும் தம் அன்றாடத் துணியொன்றைக் குறிக்கின்றனர். இதனைக்கொண்டு அத்துணியே போர்த்துக்கேயரால் அறிமுகப்படுத்தப்பட்டது என முடிவுசெய்தல் தவறாகும். ஏனெனில் தமிழில் அதற்கெனத் தனிச்சொல் உண்டு. துவர்தல் என்பது உலர்தலைக் குறிக்கும். துவர்த்துதல் என்பது உடலின் ஈரத்தைத் துடைத்து உலர்த்துதலைக் குறிக்கும். இன்றைய வழக்கிலுள்ள துவட்டுதல் என்னும் வினையும் இதனோடு தொடர்புடையதே. இவ்வினையடியாகப் பிறந்த துவர்த்து என்னும் பெயர்ச்சொல் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் வீடுதோறும் வழங்குகின்றது. மலையாளத்தில் அதுவே தோர்த்து என நின்றது. அந்நியச் சொல் துறைமுகங்களை அண்டிய பகுதிகளில் நிலைபெற, உள்நாட்டுச் சொல் தெற்குக் கோடியிலே பிழைத்திருந்தமை மனங்கொள்ளத்தக்கது. வங்காளத்தவரின் காம்ச்சா என்னும் பெயரும் உடலைத் துடைப்பது என்னும் பொருளையே தருகின்றது. துருக்கியரின் பெஷ்தமால் என்னும் பெயரோ முதுகைத் தேய்ப்பது எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லினின்றும் வந்ததாகும். செயலாலேயே பெயர்பெற்ற துணிகள் இவை. இவற்றை அணிந்தவரின் தகுதியோ நெய்த ஊரின் பெருமையோ இப்பெயர்களில் இல்லை.

துவர்த்தின் நெசவு மிக எளியது. பாவிழைகள் ஒன்றுவிட்டு ஒன்று மேலெழ, அவற்றினூடே ஊடிழை மாறிமாறிச் செல்லும் சாதா நெசவே அது. அகலம் ஏறத்தாழ இரண்டரை அடி. நீளம் ஏறத்தாழ ஐந்தடி. இருபுறமும் ஒரு சிறிய நிறக்கரை அமைவதுண்டு. அன்றேல் வெறும் வெள்ளையாகவே இருக்கும். ஆயினும் இவ்வெளிமைக்குள் ஒரு நுட்பம் உண்டு. ஈரிழைத் துவர்த்து எனப்படும் வகையில், பாவிலும் ஊடையிலும் இரண்டிரண்டு இழைகள் முறுக்கி ஒன்றாக்கப்படாமல் அருகருகே இணைத்து ஓட்டப்படுகின்றன. முறுக்கேறாத அவ்விணை இழைகளுக்கிடையே நீர் எளிதிற் புகுகின்றது. துணியும் மென்மையாக அமைகின்றது. தமிழகத்தில் ஈரிழைத் துண்டு எனப்படுவதும் இதுவே. நூலின் பருமனை அளக்கும் முறையும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஓர் இறாத்தல் நூலில் 840 யார் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அந்த எண்ணே அந்நூலின் இலக்கமாகும். இலக்கம் உயர உயர நூல் மெலியும். நேரியலுக்கும் வேட்டிக்கும் 80, 100 போன்ற உயர்ந்த இலக்க நூல்கள் வேண்டப்பட, துவர்த்திற்கு அவற்றினும் தடித்த நூலே போதுமானதாயிற்று.

இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள பூந்துவாயோடு ஒப்பிடும்போது துவர்த்தின் இயல்பு மேலும் தெளிவாகும். பூந்துவாயில் இருவகைப் பாவுகள் உள. ஒன்று இறுக்கமாக நின்று அடித்துணியை ஆக்கும். மற்றது தளர்ச்சியாக விடப்பட்டு, இருபுறமும் கண்ணிகளாக எழும். அக்கண்ணிகள் பெருமளவு நீரை ஈர்க்கும். ஈர்த்த நீரை எளிதில் விடா. ஒரு சதுர மீற்றர் பூந்துவாய் பொதுவாக 400 முதல் 600 கிராம் வரை எடையுடையது. துவர்த்தின் எடை பெரும்பாலும் அதில் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவாகவே இருக்கும். நீரைக் கொள்ளும் அளவு குறைவாயினும், பிழிந்து விரித்தால் காற்று எளிதில் ஊடுருவுவதால் அது விரைவில் உலரும். புதிய துவர்த்து விறைப்பாக இருக்கும். நீரையும் நன்கு ஏற்காது. பாவிலேறிய கஞ்சி சலவைதோறும் கரைந்து நீங்க நீங்கவே அதன் குணம் மேம்படும். மழையும் புழுக்கமும் மிக்க மேற்குக் கரையில், காலையில் ஆற்றிலோ குளத்திலோ நீராடி, மாலையில் மீண்டும் நீராடும் வழக்கமுடைய மக்களுக்கு, இடையிலே உலர்ந்துவிடும் துணியே வேண்டியதாயிற்று. காலநிலையும் வாழ்க்கைமுறையும் சேர்ந்தே இத்துணியின் எடையைத் தீர்மானித்தன எனலாம்.

பயணத்திற்கும் இத்துணிக்கும் உள்ள தொடர்பு இதிலிருந்தே பிறக்கின்றது. இருப்புப்பாதைக்கும் பேருந்திற்கும் முற்பட்ட காலத்தில் சாதாரண மக்களின் பயணம் என்பது நடையே. நடந்து செல்பவன் சுமக்கும் ஒவ்வொரு பொருளும் பலவகையிற் பயன்படவேண்டும். துவர்த்து வெயிலில் தலைப்பாகையாயிற்று, சுமை தூக்குகையில் சும்மாடாயிற்று, கட்டுச்சோற்றையும் காசையும் முடியும் பொட்டணமாயிற்று, திண்ணையில் விரித்தாற் படுக்கையாயிற்று, குளக்கரையில் மாற்றுடையாயிற்று. சபரிமலை செல்வோர் இருமுடியின்கீழ்த் தலையில் இடும் துணியும், கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் செல்வோரின் தோளில் கிடக்கும் துணியும் இம்மரபின் தொடர்ச்சியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்த தென்னிந்தியத் தொழிலாளரின் உடைமைகள் மிகச் சொற்பமானவையே. அத்தகைய பயணங்களைப் பற்றி எழுதுவோர் கப்பலையும் பாதையையும் கணக்கெடுத்த அளவிற்குப் பயணியின் உடம்பிலிருந்த துணியைக் கணக்கெடுக்கவில்லை.

இனி, இத்துணியை நெய்தவர்பால் கவனம் செலுத்தலாம். தமிழகத்தில் நெசவு மிகத் தொன்மையான தொழில் என்பதைச் சிலப்பதிகாரம் காருகரைக் குறிப்பிடுவதிலிருந்தும், சோழர் காலக் கல்வெட்டுகளில் தறி இறை என்னும் வரி இடம்பெறுவதிலிருந்தும் அறியலாம். தறியின்மீது வரி விதிக்கப்பட்டமை, நெசவு அரசின் வருவாய்க்குரிய தொழிலாக வளர்ந்திருந்தமையைக் காட்டும். பின்வந்த மன்னரும் சிற்றரசரும் நெசவாளரைத் தம் நகரங்களுக்கு அருகே குடியேற்றுவதில் ஆர்வங்காட்டினர். திருவனந்தபுரத்திற்குத் தெற்கேயுள்ள பாலராமபுரம் அத்தகையதோர் ஊராகும். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயரை அது தாங்கியுள்ளது. அவர் காலத்துத் திவானாகிய உம்மிணித்தம்பி, வள்ளியூர்ப் பகுதியிலிருந்து தமிழ் பேசும் சாலியர் குடும்பங்கள் ஏழினை அழைத்துவந்து அங்குக் குடியேற்றினார் என்பது மரபு. கொச்சிப் பகுதியிலுள்ள சேந்தமங்கலத்திலோ, பாலியத்து அச்சன்மாரின் ஆதரவில், கன்னட மரபினரான தேவாங்கச் செட்டிகள் குடியமர்த்தப்பட்டனர். இவ்விரு ஊர்களிலும் நெசவாளர் அரண்மனைக்கும் உயர்குடிக்கும் வேண்டிய நுண்ணிய முண்டுகளையும் நேரியல்களையுமே நெய்ய அழைக்கப்பட்டனர். ஆனால் அரண்மனையின் தேவை ஆண்டு முழுவதும் தறியை ஓட்டப் போதுமானதன்று. ஊராரின் அன்றாடத் தேவைக்கான துணியே, துவர்த்து உட்பட, தறியைத் தொடர்ந்து இயங்கவைத்தது.

பாலராமபுரத்து நெசவின் தனித்தன்மைகளுள் ஒன்று, குழித்தறியில் நாடாவைக் கையால் எறிந்து நெய்யும் பழைய முறை நெடுங்காலம் அங்கு நிலைத்தமையாகும். நிலத்தில் தோண்டிய குழியில் கால்களை வைத்து, மிதிகளை இயக்கி, நாடாவை ஒரு கையால் எறிந்து மறுகையால் ஏந்துவர். பாவினை விடியற்காலையில் தெருவிலே நீள விரித்து, அரிசிக்கஞ்சி ஏற்றி, தூரிகையால் நீவி உலர்த்துவர். இதனாலேயே சாலியர் தெருக்கள் நீண்டு நேராக அமைந்தன. தெருவே தொழிற்கூடமாகும். மழைநாளில் பாவு உலராது. பாவு உலராவிடில் தறி ஓடாது. தறி ஓடாவிடில் கூலி இல்லை. தறியில் அமர்ந்திருப்பவரின் உழைப்பு மட்டுமே துணிக்குக் காரணமன்று. சிட்டத்தைப் பிரித்து, தாரிற் சுற்றி, பாவுக்கு இழை சேர்க்கும் வேலைகளைப் பெண்களும் முதியோரும் செய்தனர். அவ்வுழைப்பிற்குத் தனிக்கூலி இருந்ததில்லை. துணியின் விலையிலே அது கண்ணுக்குத் தெரியாமற் கலந்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தொழில் எதிர்நோக்கிய பெருஞ்சவால் லங்காஷயரிலிருந்து வந்தது. இயந்திரத்தில் நூற்கப்பட்ட நூலும், இயந்திரத்தில் நெய்யப்பட்ட துணியும் இந்தியச் சந்தையை நிறைத்தன. இதனால் முதலில் அழிந்தது நெசவன்று, நூற்பே. கைராட்டையில் நூல்நூற்று வாழ்ந்த பெண்கள் தம் வருவாயை இழந்தனர். நெசவாளரோ மலிவான ஆலைநூலை வாங்கி நெய்யத் தொடங்கினர். காலனித்துவ ஆட்சியின்கீழ் இந்தியக் கைத்தொழில் முற்றாக அழிந்தது என ஒரு சாராரும், ஒரு பகுதி அழிய மற்றொரு பகுதி மாற்றமுற்று வாழ்ந்தது என மறுசாராரும் வாதிட்டுள்ளனர். இவ்வாதத்தில் துவர்த்தின் சான்று கவனிக்கத்தக்கது. இறக்குமதித் துணி பெருமளவில் வெற்றிகண்டது நடுத்தர இலக்க நூலாலான, கரையும் சித்திரமும் அற்ற துணிவகைகளிலேயாகும். மிக நுண்ணிய துணிகள் கைத்திறனால் தப்பின. மிகத் தடித்த, மலிவான துணிகளோ பிறிதொரு காரணத்தால் தப்பின. அவற்றின் விலையில் பெரும்பகுதி பஞ்சின் விலையே. எனவே இயந்திரத்தால் மிச்சப்படுத்தக்கூடிய கூலி அவற்றிற் குறைவு. மேலும், ஊருக்கு ஊர் வேறுபட்ட அகலமும் கரையும் வேண்டிய சிறுசிறு சந்தைகளுக்குத் தொலைதூர ஆலையால் ஈடுகொடுக்க இயலவில்லை. ஆகவே பெருமை மிக்க துணிகள் பல நலிந்த காலத்தில் எளிய துண்டு நிலைத்து நின்றது.

நிறக்கரைக்கு வேண்டிய சாயத்தின் வரலாறு வேறுவகைப்பட்டது. செந்நிறம் தரும் சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டப்பட்டு, ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் அரசின் வருவாய்ப் பொருள்களுள் ஒன்றாக விளங்கியது. அது பாக்கு நீரிணையின் இருகரையிலும் இருந்த சாயத்தொழிலோடு தொடர்புடையது. 1868 இல் ஜெர்மானிய இரசாயனவியலாளரான கிறேபேயும் லீபர்மானும் அலிசரின் என்னும் செஞ்சாயத்தைச் செயற்கையாக ஆக்கும் முறையைக் கண்டறிந்தனர். அதன்பின் சில பத்தாண்டுகளுள் வேர்ச்சாயத்தின் சந்தை சரிந்தது. துண்டின் கரையில் ஓடிய சிவப்பிழை மாறவில்லை. ஆனால் அதன் பின்னிருந்த ஒரு தொழிலும் அதனைச் செய்த மக்களின் வாழ்வும் மறைந்தன. பண்டத்தின் தோற்றம் மாறாதிருப்பதைக்கொண்டு உற்பத்தி உறவுகளும் மாறவில்லை எனக் கருதலாகாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

இதே நூற்றாண்டில் மேற்குக் கரையின் வடபகுதியில் நெசவு சாதிக்கட்டினின்றும் ஓரளவு விடுபட்டது. பாசல் மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பு, மதம் மாறியதால் தொழிலிழந்தோருக்கு வாழ்வளிக்கும் நோக்குடன் மங்களூரிலும் கண்ணூரிலும் நெசவுச்சாலைகளை நிறுவியது. 1851 இல் அங்கு வந்த ஜோன் ஹல்லர் ஐரோப்பிய முறைச் சட்டத்தறியையும் புதிய சாயமுறைகளையும் புகுத்தினார். காக்கி நிறத்தின் ஆக்கத்தோடு அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகின்றது. 1733 இல் ஜோன் கே இங்கிலாந்தில் ஆக்கிய விசைநாடா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சென்னை மாகாணத்துத் தறிகளிற் பரவியது. கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் இம்முறையால் ஒருவர் ஒருநாளில் நெய்யும் நீளம் கூடியது. பரம்பரைத் திறனின்றியும் இத்தறியைப் பழகலாம். சாலியர் தெருவுக்கு வெளியே, பல சாதியாரும் கூலிக்கு நெய்யும் தொழிற்சாலைகள் இவ்வாறே தோன்றின.

துவர்த்தின் சமூக வரலாறு அதன் தொழில் வரலாற்றிலும் கசப்பானது. உடலைத் துடைக்கும் அத்துணியே தோளிலும் தலையிலும் இடப்படும்போது மதிப்பின் அடையாளமாயிற்று. எனவே அதனை எவர் எங்கே அணியலாம் என்பதைச் சாதிச் சமூகம் வரையறுத்தது. உயர்ந்தோர் எனப்பட்டவரின் முன்னே ஒடுக்கப்பட்ட மக்கள் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கவேண்டும். அல்லது இடுப்பிற் கட்டவேண்டும். தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நிகழ்த்திய தோள்சீலைப் போராட்டம் பல ஆண்டுகள் நீடித்து, 1859 ஆம் ஆண்டின் அரச பிரகடனத்தால் ஓரளவு வெற்றிகண்டது. 1893 இல் அய்யன்காளி வெண்ணிற உடையும் தலைப்பாகையும் அணிந்து, தம் மக்களுக்குத் தடைசெய்யப்பட்ட பொதுப்பாதையில் வில்வண்டியிற் சென்றார். அப்பயணத்தில் வண்டி எவ்வளவு முக்கியமானதோ துணியும் அவ்வளவு முக்கியமானதே. யாழ்ப்பாணத்திலும் நிலைமை வேறன்று. ஒடுக்கப்பட்ட சாதியினர் தோளிற் சால்வை இடுவதற்கு நெடுங்காலம் தடை இருந்தது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டமும், 1966 இன் பின் வலுப்பெற்ற தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களும் இத்தகைய தடைகளுக்கு எதிராக எழுந்தவையே. ஒரு முழத் துணி கூட உடலின்மீது சுதந்திரமாகக் கிடக்க முடியாதிருந்த சமூகத்தில், அதனை நெய்தவரும் அணிந்தவரும் ஒரே சமனாக வரலாற்றில் இடம்பெறவில்லை என்பதில் வியப்பில்லை.

இந்திய தேசிய இயக்கம் கைநூற்பையும் கைநெசவையும் அரசியலின் மையத்திற்குக் கொணர்ந்தது. 1925 இல் அகில இந்திய நூற்போர் சங்கம் நிறுவப்பட்டது. 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்ததும் கதர் நிதி திரட்டுவதற்காகவே. யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பிற் குடாநாட்டிற்கும் அவர் சென்றார். கதர் இயக்கம் துணிக்கு ஒழுக்கப் பெறுமதியை அளித்தது. ஆனால் ஆலைநூலைக் கொண்டு நெய்த பெரும்பான்மைக் கைத்தறியாளர் அதன் வரையறைக்குள் அடங்கவில்லை. துவர்த்து நெய்தவரின் துணி கதருமன்று, ஆலைத்துணியுமன்று. இவ்விடைநிலை, பின்வந்த அரசுகளின் கொள்கையிலும் அவர்களுக்கு இடர்ப்பாடாகவே அமைந்தது.

மேனாட்டிலோ 1850 ஆம் ஆண்டளவில் பிறிதொரு மாற்றம் நிகழ்ந்தது. துருக்கியிற் பயணஞ் செய்த ஹென்றி கிறிஸ்டி என்னும் ஆங்கிலேயர், அங்குக் கையால் நெய்யப்பட்ட கண்ணித் துவாயொன்றைக் கண்டு, அதனைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றார். சாமுவேல் ஹோல்ட் என்பவர் அந்நெசவை இயந்திரத்திற்கு ஏற்றவாறு அமைத்தார். 1851 ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் அத்துவாய் வைக்கப்பட்டது. அதன்பின் கனத்த பூந்துவாய் வசதியின் அடையாளமாக உலகெங்கும் பரவியது. குழாய்நீரும், தனிக்குளியலறையும், துணி உலர்த்த இடமும், சலவைக்கு ஆளும் உள்ள வீட்டிற்கே அது பொருந்துவது. இவை யாவும் இல்லாத நாடுகளிலும் அது உயர்ந்த துவாயாகக் கருதப்பட்டமை, நுகர்வுச் சுவை தேவையினால் மட்டும் அமைவதன்று என்பதைப் புலப்படுத்தும். துருக்கியிலேயே மெல்லிய பெஷ்தமால் ஹமாம் குளிப்பிடங்களுக்குரிய பழைய துணியாக ஒதுங்கியது.

சுதந்திரத்தின் பின் துவர்த்தினை உண்மையில் நலிவித்தது இறக்குமதித் துணியன்று, உள்நாட்டு விசைத்தறியேயாகும். லங்காஷயர் தொலைவிலிருந்தது. விசைத்தறியோ அண்டை ஊரிலிருந்தது. அதே நூலை வாங்கியது. அதே சந்தையில் விற்றது. அதே கரையையும் பின்பற்றியது. நெசவு எளியதாக இருந்தமையால் துவர்த்தே முதலிற் போலிசெய்யப்பட்டது. ஈரோடு முதலிய இடங்களின் விசைத்தறித் துண்டுகள் கைத்தறித் துண்டினும் மலிவாக விற்கப்பட்டன. ஒரு நூற்றாண்டிற்கு முன் இத்துணியைக் காப்பாற்றிய எளிமையே இப்போது அதன் பலவீனமாயிற்று. இம்முரணே துவர்த்தின் வரலாற்றில் மிக முக்கியமானது எனலாம்.

இதனைத் தடுக்க இந்திய அரசு சட்டத்தை நாடியது. 1985 ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட துணிவகைகளைக் கைத்தறிக்கு மட்டும் உரியனவாக்கியது. முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. துண்டும் காம்ச்சாவும் அங்கவஸ்திரமும் அப்பட்டியலில் உள்ளன. விசைத்தறி உரிமையாளர் வழக்குத் தொடர்ந்தமையால் சட்டம் நெடுங்காலம் செயற்படவில்லை. 1993 இல் உயர்நீதிமன்றங்களுக்கு மேலான இந்திய உச்ச நீதிமன்றம் அது செல்லுபடியாகும் எனத் தீர்ப்பளித்தது. எனினும் சட்டம் நடைமுறையில் மீறப்படுகின்றது என்னும் முறைப்பாடு நெசவாளரிடமிருந்து தொடர்ந்து எழுந்துள்ளது. கைத்தறித் தொழிலாளரின் தொகை குறைந்துவந்தமை கணக்கெடுப்புகளில் தெளிவாகின்றது. 1995-96 இல் ஏறத்தாழ 65 இலட்சமாக இருந்த அத்தொகை, 2009-10 இல் ஏறத்தாழ 43 இலட்சமாகவும், 2019-20 இல் ஏறத்தாழ 35 இலட்சமாகவும் வீழ்ந்தது. இறுதிக் கணக்கெடுப்பின்படி அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேற்பட்டோர் பெண்களாவர். கூலி குறைந்த தொழிலினின்றும் ஆண்கள் வெளியேற, பெண்களே எஞ்சி நின்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

இலங்கையின் அனுபவம் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. கீழ்மாகாணத்தில் மருதமுனையும் காத்தான்குடியும் கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர்கள். 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு உள்நாட்டுத் துணிக்குச் சந்தையை உறுதிசெய்தது, தறிகள் பெருகின. 1977 இன் இறுதியில் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்ததும் வெளிநாட்டுத் துணி தடையின்றி வந்தது. கிராமப்புறத் தறிகள் பெருந்தொகையாக நின்றுபோயின. அதன்பின் போரும், 2004 டிசம்பரில் மருதமுனைக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையும் எஞ்சியோரின் வாழ்வைக் குலைத்தன. இந்தியாவில் உள்நாட்டு விசைத்தறியும் இலங்கையில் திறந்துவிடப்பட்ட சந்தையும் செய்த வேலை ஒன்றே. பாதுகாப்பு இருந்தபோது தொழில் வளர்ந்தது. ஆயினும் பாதுகாப்பு நீங்கிய பின்னும் நிலைக்கத்தக்க அடித்தளம் அக்காலத்தில் இடப்படவில்லை என்பதும் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டியதே.

அண்மைக் காலத்தில் நிலைமை எதிர்பாராத திருப்பத்தை அடைந்துள்ளது. ஆகாயப் பயணமும் முதுகுப்பைப் பயணமும் பெருகியமையால், எடை குறைந்து விரைவில் உலரும் துவாய்க்கு மேனாடுகளிற் கேள்வி எழுந்தது. 1970 இல் யப்பானில் உருவாக்கப்பட்ட நுண்ணிழைச் செயற்கைநூலின் வழிவந்த துவாய்கள் அத்தேவையை ஒருபுறம் நிறைவுசெய்தன. ஆனால் அத்தகைய செயற்கையிழைத் துணிகள் சலவையின்போது நுண்ணிய நெகிழியிழைகளை நீரிற் சேர்க்கின்றன என்பது அறியப்பட்டபின் பலர் பருத்தியை நாடினர். பெஷ்தமாலும் துவர்த்தும் பயணத் துவாய் என்னும் புதுப்பெயரில் விற்கப்படலாயின. ஏழையின் வழிநடைத் துணி செல்வரின் பயணத் துணியாயிற்று. ஆயின் பெஷ்தமால் என விற்கப்படுவனவற்றுட் பல விசைத்தறியில் நெய்யப்பட்டவை. கைநெசவு என்னும் சொல் விலையை உயர்த்துகின்றது. அவ்வுயர்வு தறியில் இருப்பவரைச் சென்றடைவதற்கு அச்சொல் மட்டும் போதாது.

2018 ஓகஸ்டில் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளம் சேந்தமங்கலத்துத் தறிக்குழிகளைச் சேற்றால் நிரப்பியது. ஓணச் சந்தைக்கென நெய்துவைத்த துணிகள் பாழாயின. அச்சேறு படிந்த துணிகளைக்கொண்டு சேக்குட்டி என்னும் சிறு பாவைகளைத் தன்னார்வலர் செய்து விற்று, கிடைத்த பணத்தை நெசவாளர்க்கு அளித்தனர். அம்முயற்சி போற்றற்குரியது. அதேவேளை அது ஓர் உண்மையையும் உணர்த்துகின்றது. இரக்கத்தாலும் நினைவாலும் ஒரு பருவத்தைக் கடக்கலாம். ஒரு தொழிலை நடத்த முடியாது. நூலின் விலை, பாவு உலர்த்தும் கூடம், தார் சுற்றும் பெண்ணின் கூலி, போலித்துணியைத் தடுக்கும் சட்டத்தின் செயற்பாடு என்பனவே தொழிலின் ஆயுளைத் தீர்மானிப்பன.

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, துவர்த்து பழமையின் எச்சமாகத் தேங்கிக் கிடந்த துணியன்று. ஆலைநூலையும், செயற்கைச் சாயத்தையும், விசைநாடாவையும் ஏற்று, ஒவ்வொரு காலத்திலும் தன்னை மாற்றியே அது வாழ்ந்துள்ளது. எனவே மாற்றமின்றிப் பேணுவது அதனைக் காப்பதாகாது. இரண்டாவதாக, இயந்திரம் கைத்தொழிலை அழிக்கும் என்னும் பொதுவிதி மட்டும் அதன் வரலாற்றை விளக்கப் போதாது. எந்த இயந்திரம், எங்கே, எவர் உடைமையில், எச்சட்டத்தின்கீழ் என்னும் வினாக்களும் கேட்கப்படவேண்டும். மூன்றாவதாக, மலிவான பொருளின் வரலாறே உழைப்பின் வரலாற்றிற்கு அணுக்கமானது. அரசனுக்கு நெய்த நேரியலின் விலையில் கலைத்திறனுக்கும் பங்குண்டு. துவர்த்தின் விலையிலோ பஞ்சும் உழைப்புமே உள்ளன. விலை குறைக்கப்படும்போது குறைவது உழைப்பின் பங்கே. எடை குறைந்த துணியைப் பயணி விரும்புவது இயல்பு. அதன் எடையைப் போலவே நெய்பவரின் கூலியும் குறைந்திருக்கவேண்டும் என்னும் நியதி எதுவுமில்லை. அந்நியதி எவ்வாறு உருவாயிற்று என்பதைக் காட்டுவதும், அது மாற்றப்படக்கூடியது என்பதை உணர்த்துவதும் வரலாற்று ஆய்வின் கடமையாகும்.